மழை சொன்ன புண்

முள்ளோடையில் உப்பு வாரத் தொடங்கியிருந்த பங்குனி மாதத்தில், வானத்தில் பேருக்குக்கூட மேகம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், டாக்டர் பரக்கத் நிஷாவின் கிளினிக்கில், சிஸ்டர் ஜெபராணி பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பேச்சிமுத்துவின் வலது பாதத்தில் இருந்த புண் "வருது" என்று சொன்னது.

சளி பிடித்த குழந்தையின் குரல் மாதிரி இருந்தது, மூக்கடைத்து, கொஞ்சம் சிணுங்கலாக. ஜெபராணி அந்த ட்ரெஸ்ஸிங் அறையில் எத்தனையோ புண்களைப் பார்த்தவள். சீழ் வைத்ததையும், புழு வைத்ததையும், ஆறிவிட்டதாகப் பாசாங்கு செய்து உள்ளே குழி பறித்ததையும் பார்த்திருக்கிறாள். பேசுகிற புண்ணைப் பார்த்ததில்லை. ஆனாலும் கையில் இடுக்கியும் ஈரப் பஞ்சும் இருக்கும்போது அவள் எதற்காகவும் வேலையை நிறுத்துகிறவள் இல்லை என்பதால், துடைத்தபடியே, "என்ன வருது?" என்று கேட்டாள்.

"மழை" என்றது புண். "நாளைக்கு மத்தியானம்."

பேச்சிமுத்துவும் கேட்டிருந்தார் என்பது கட்டில் விளிம்பை அவர் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. அவள் சலைன் விட்டுக் கழுவி, மருந்து தடவி, காஸ் வைத்துச் சுற்றிக் கட்டினாள். பாதத்தின் முன்பக்கத்தை ஊன்றாமல் நடக்கும்படி எப்போதும் சொல்வதைச் சொன்னாள். போகிற வழியில் உப்பை மூடச் சொல்லிவிட்டுப் போங்கள் அண்ணாச்சி என்பதையும் அன்றைக்கு அதோடு சேர்த்துச் சொன்னாள்.

பேச்சிமுத்து தவசிக்கனி முதலாளியின் உப்பளத்தில் சின்ன வயதிலிருந்து உப்பு வாருகிறவர். பேச்சியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை என்று அந்தப் பெயரை வைத்தார்களே தவிர, அவரிடமிருந்து ஒரு பேச்சை வாங்குவது கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதுபோலத்தான். சர்க்கரை நோய் அவருக்குத் தெரியாமலே உடம்பில் குடியேறி, பாதங்களின் உணர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருந்தது. உப்புப் பரல் ஒன்று கட்டை விரலுக்குக் கீழே ஏறி உட்கார்ந்ததும், அது புண்ணாகிக் குழிந்ததும் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய மனைவி லிங்கக்கனிதான் வீட்டுத் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து, யாருக்கு அடிபட்டது என்று தேடிக்கொண்டே போய் அவருடைய காலில் முடிந்தாள். அதிலிருந்துதான் அவர் ஒன்றுவிட்டு ஒருநாள் கிளினிக்குக்கு வந்துகொண்டிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மழை வரும் என்று அவர் சொன்னதை லிங்கக்கனி மட்டும் நம்பினாள். அவர் வாயைத் திறந்து ஒரு விஷயம் சொல்வதே அபூர்வம், அப்படிச் சொன்னதைத் தட்டக் கூடாது என்று அவள் தங்கள் பங்கில் வாரிக் குவித்திருந்த அம்பாரத்தைத் தார்ப்பாய் போட்டு மூடி, நாலு பக்கமும் கல்லை வைத்துவிட்டு வந்தாள். பக்கத்துப் பாத்திக்காரர்கள் சிரித்தார்கள். மறுநாள் மத்தியானம் கடலுக்கு மேலிருந்து ஒரு மழை வந்து, சோறு வேகிற நேரம் பெய்துவிட்டுப் போனது. முள்ளோடையின் அத்தனை அம்பாரங்களும் கரைந்து, வந்த வழியே கடலுக்குத் திரும்பிப் போக, தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றது.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மழையையும் புண் சொன்னது, அதற்கடுத்ததையும் சொன்னது. வராது என்று சொன்ன நாட்களில் வானம் எவ்வளவு கறுத்தாலும் ஒரு சொட்டு விழவில்லை. சித்திரை பிறப்பதற்குள் முள்ளோடை இந்தச் சங்கதியை, புதிதாக வந்த ஒரு பஸ்ஸின் நேரத்தைப் பழகிக்கொள்வதுபோலப் பழகிக்கொண்டது. பேச்சிமுத்துவுக்கு ட்ரெஸ்ஸிங் இருக்கும் காலைகளில் உப்பள முதலாளிகளும், லாரிக்காரர்களும், கருவாடு காயப்போடுகிற பெண்களும், கூரை மாற்றக் காத்திருந்தவர்களும், கல்யாணப் பந்தல் போடுகிறவர்களும் கிளினிக்கின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். கேட்டுவிட்டுப் பாதிப் பேர் உப்பளத்துக்கும் பாதிப் பேர் டீக்கடைக்கும் போனார்கள். சிலர் புண்ணிடம் வேறு விஷயங்களையும் கேட்டுப் பார்த்தார்கள். காணாமல் போன ஆடு எங்கே என்று ஒருத்தி கேட்டாள், மகனுக்கு எந்தத் திசையில் பெண் அமையும் என்று ஒருவர் கேட்டார். புண்ணுக்கு மழையைத் தவிர எதுவும் தெரியவில்லை, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அதனால் ஊருக்கு அதன்மேல் மதிப்புக் கூடியது.

டாக்டர் பரக்கத் நிஷா கண்டிப்பான பெண்மணி. ஜெபராணி முதல் தடவை வந்து சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு முழுசாகக் கேட்டார்.

"பேசுறது நல்லதா கெட்டதான்னு நான் படிச்ச புத்தகத்துல இல்லை சிஸ்டர். நாத்தம் இருக்கா?"

இல்லை என்றாள்.

"ஓரம் சிவந்திருக்கா?"

கொஞ்சம் என்றாள்.

"அப்ப அதைக் கவனிங்க" என்று சொல்லி, ட்ரெஸ்ஸிங் அறைக்குள் நோயாளியைத் தவிர யாரும் வரக் கூடாது, காய்ச்சல்காரர்கள் உட்காரும் பெஞ்சில் மழை கேட்க வந்தவர்கள் உட்காரக் கூடாது என்று இரண்டு உத்தரவு போட்டார். ஊர் இரண்டையும் ஏற்றுக்கொண்டு ஜன்னலோடு நின்றுகொண்டது.

ஊர் நன்றி கெட்டதில்லை. கரையாமல் பிழைத்த ஒவ்வொரு அம்பாரத்துக்கும் யாராவது ஒருவர் பேச்சிமுத்துவின் வீட்டுக்கு ஏதாவது கொண்டுவந்தார்கள். மஸ்கோத் அல்வா வந்தது, மக்ரூன் வந்தது, கருப்பட்டி மிட்டாய் பனையோலைப் பெட்டியோடு வந்தது, மாதா கோயில் திருவிழாவிலிருந்தும் அம்மன் கொடையிலிருந்தும் சர்க்கரைப் பொங்கல் தூக்குவாளியில் வந்தது. லிங்கக்கனி வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினாள். ஆனால் ஊர் அவரைத் தெருவில் பிடித்து, டீக்கடையில் உட்கார வைத்து, கையில் கொடுத்துத் தின்னும்வரை பார்த்துக்கொண்டு நின்றது. அவருக்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. தவசிக்கனி முதலாளி, நீ இனிமேல் பாத்தியில் இறங்க வேண்டாம், ஷெட்டில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். காலமெல்லாம் அந்த ஷெட்டின் வெளியே நின்றபடி சாப்பிட்டுப் பழகிய மனிதர் அந்த நாற்காலியில் முதல்நாள் உட்காரவே இல்லை, இரண்டாம் நாள் நுனியில் உட்கார்ந்தார், மூன்றாம் நாள் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆனி மாதத்தில் புண் ஆறத் தொடங்கியது. ஜெபராணியின் கை அப்படி. ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகச் சதை வளர்ந்து வந்தது, குழியின் ஆழம் குறைந்தது, அதோடு குரலும் குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்துத்தான் அவளே கேட்க வேண்டியிருந்தது. மழைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருதடவை அவள் தப்பாகச் சொல்லி, ஒரு பந்தல் நனைந்துபோனது.

அதற்கடுத்த வாரத்தில் தவசிக்கனி முதலாளி இரண்டு மூன்று பேரோடு கிளினிக்குக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. உப்பளத்தில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் வண்டி அனுப்புகிறவர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சிஸ்டருக்குச் சௌகரியமா என்று விசாரித்துவிட்டு, வந்த விஷயத்தை மெதுவாகச் சொன்னார். ஊரில் இத்தனை அடுப்பு எரிவது அந்தக் காலால்தான் என்பது சிஸ்டருக்குத் தெரியாதது இல்லை என்றார். மருந்து வைக்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, கொஞ்சம் நிதானமாக வைத்தால் போதும் என்றார்.

"ஆறட்டும் சிஸ்டர், வேண்டாம்னு யாரு சொன்னா? சீசன் முடிஞ்சு ஆறட்டும்."

ஜெபராணி ஊசி போடுகிற அறைக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் போனால் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிற அவளுடைய புருஷன் எபநேசரும் தட்டைப் பார்த்துக்கொண்டே அதையேதான் சொன்னான். அவன் அந்த வருஷம்தான் மழையால் வேலை இல்லாமல் வீட்டில் உட்காரவில்லை. மறுநாளும் அவள் ஒரு காஸ் துண்டைக்கூடக் குறைக்காமல், எப்போதும் செய்கிற மாதிரியே சுத்தமாகச் செய்தாள். ஆனால் புண் ஆறவில்லை. அன்றைக்கு இருந்ததைவிட அடுத்த தடவை பெரிதாக இருந்தது, அதற்கடுத்த தடவை அதைவிடப் பெரிதாக. குரல் மறுபடி ஜன்னலைத் தாண்டிக் கணீரென்று கேட்டது, ஊர் பெருமூச்சு விட்டது. அவள் மட்டும் மூக்கை அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்துக் கலங்கினாள்.

ஒருநாள் காஸை எடுத்தபோது உள்ளே ஏதோ மின்னியது. இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உப்புப் பரல். ஒன்றல்ல, குழியெங்கும்.

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, செருப்பில்லாம பாத்தியில இறங்குனியளா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"கட்டைப் பிரிச்சுட்டு இறங்குனியளா?"

"வலிக்கலையே சிஸ்டர்."

"வலிக்காததுதான அண்ணாச்சி நோயே."

பிறகு, அவள் அவரை அறிந்த காலமெல்லாம் பேசியதைவிட அதிகமாக அவர் ஒரே மூச்சில் பேசினார்.

"சின்னப் பிள்ளையிலருந்து இந்த ஊர்லதான் உப்பு வாருதேன். என்னய ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்டதில்ல. சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. இப்ப தெருவுல நடந்தா எந்திச்சு நிக்கான். முதலாளி நாற்காலி போட்டுத் தாரார். இது ஆறிட்டா எங்கிட்ட யாரு பேசுவா?"

ஜெபராணி ஒவ்வொரு பரலாக எடுத்து ட்ரேயில் போட்டாள். அது விழுகிற சத்தம் மட்டும் அறையில் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டரிடம் சொன்னாள், டாக்டர் அவரை உட்கார வைத்துத் திட்டினார், லிங்கக்கனியை வரவழைத்துச் சொன்னார். அவள் அன்றிலிருந்து புருஷன் எங்கே போனாலும் பின்னாலேயே போனாள். ஆனால் வினை அதற்குள் உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

ஆடியில் ஒரு காலை, கடலுக்கு மேல் கறுத்து மூடியிருந்த நேரத்தில், பேச்சிமுத்துவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. பாதம் வீங்கி, கட்டை விரல் கன்றிக் கறுத்து, சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. டாக்டர் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்து, சிவப்பு முடியும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். லிங்கக்கனியை ஜன்னலோரமாகக் கூப்பிட்டு, இப்போதே கீறிச் சுத்தம் செய்து மருந்து ஏற்றப்போவதாகவும், நாளைக் காலைக்குள் சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள் என்றும் மறைக்காமல் சொன்னார். லிங்கக்கனி அழவில்லை.

ஜன்னலுக்கு வெளியே என்றைக்கும் இல்லாத கூட்டம். அந்தச் சீசனின் பெரிய வாரல் முடிந்து அத்தனை உப்பும் திறந்து கிடந்தது, வானமோ இப்படி இருந்தது. ஜெபராணி கட்டைப் பிரித்தாள். புண் வாயைத் திறந்தபடி கிடந்தது, ஆனால் பேசவில்லை. வெளியே முணுமுணுப்பு எழுந்தது. தவசிக்கனி முதலாளி கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழை வருமா என்று கொஞ்சம் கேளுங்கள் சிஸ்டர் என்றார். பின்னாலிருந்தும் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

அவள் குனிந்தாள். கேட்க வேண்டியது அவர்கள் சொன்னதுதான், வாயில் வந்தது வேறு. நோயாளி யார் வந்தாலும் அவள் முதலில் கேட்கிற கேள்வி. பங்குனியிலிருந்து இத்தனை பேர் அந்தப் புண்ணிடம் கேட்டும் யாரும் கேட்காத கேள்வி.

"உனக்கு என்ன செய்யுது?"

புண் யோசித்த மாதிரி இருந்தது. பிறகு அந்த மூக்கடைத்த குரலில், வெளியே கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "உறங்கணும்" என்றது. "யாரும் உறங்க விட மாட்டேங்காங்க."

முள்ளோடையில் பிள்ளை பெறாதவர்கள் குறைவு. சளியோடு சிணுங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடக்காதவர்கள் அந்த ஜன்னலில் யாரும் இல்லை. ஒரு மனிதனின் கால் போகப்போகிறது என்பது காதில் விழுந்தும் அசையாமல் நின்றவர்கள், அந்த ஒரு வார்த்தையில் தலை குனிந்தார்கள். கருவாட்டுக்காரப் பெண்களில் ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கட்டிலில் கண் மூடிக் கிடந்த பேச்சிமுத்து, காய்ச்சலில் வெடித்திருந்த உதடுகளைத் திறந்து, "கட்டிருங்க சிஸ்டர், அது உறங்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். தவசிக்கனி முதலாளி ஜன்னல் கதவுகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் சாத்தினார்.

டாக்டர் செத்த சதையை எல்லாம் எடுத்தார். ட்ரிப்ஸ் ஏறியது. அன்றைக்குப் பெய்த மழையில் எவ்வளவு உப்பு போனது என்று கிளினிக்கில் யாரும் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் டாக்டர் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தபோது, சிவப்பு அவர் போட்ட கோட்டுக்குக் கீழே, ஒரு விரற்கடை இறங்கி நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு ஜெபராணியைப் பார்த்து ஒரே ஒரு தடவை தலையசைத்தார். லிங்கக்கனிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அதன்பின் முள்ளோடை அந்தப் புண்ணைத் தூங்கவைக்கும் வேலையில் இறங்கியது. உப்பு லாரிகள் கிளினிக் தெருமுனையிலும் பேச்சிமுத்துவின் வீட்டுத் தெருவிலும் ஹார்ன் அடிப்பதை நிறுத்தின. அம்மன் கொடைக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியைக் கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். அல்வா வருவது நின்று, சுண்டலும் கீரையும் அவித்த முட்டையும் வந்தன, லிங்கக்கனி அவற்றை வாங்கிக்கொண்டாள். பாதம் தரையில் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ட்ரெஸ்ஸிங் நாட்களில் முறை வைத்து ஆட்கள் பைக்கோடு வந்து அவரை ஏற்றிப் போய் இறக்கினார்கள். வழியில் சும்மா வர முடியாமல் எதையாவது பேசினார்கள், மகளின் பரீட்சை, மாமனாரோடு தகராறு, கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறியது. அவர் உம் கொட்டினார். பிறகு பதிலும் சொல்லத் தொடங்கினார்.

ஜெபராணி கட்டுப் பிரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு பிரித்தாள். புண் சில நாள் அரைத் தூக்கத்தில் முனகியது. ஒருதடவை மழை என்று சொன்ன மாதிரிகூட இருந்தது, என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை, பஞ்சை இன்னும் மெதுவாக ஒற்றினாள். அதற்கப்புறம் முனகலும் நின்றது. சதை ஏறியது, ஓரங்கள் ஒன்றையொன்று தேடி வந்தன, புரட்டாசி தொடங்கியபோது அந்த இடத்தில் குழந்தையின் உதடு நிறத்தில் புதுத் தோல் மூடியிருந்தது. டாக்டர் பேச்சிமுத்துவைப் படுக்கச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பை அவருடைய பாதத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலை" என்றார் டாக்டர். "நல்லா ஆறியிருக்கு. இனிமே மெத்துச் செருப்பு இல்லாம நடக்கிறதைப் பார்த்தேன்னா நானே காலை எடுத்துருவேன்."

பேச்சிமுத்து எழுந்து, கறுப்பு மெத்துச் செருப்புக்குள் காலை நுழைத்து, முதலில் பயந்து பயந்து, பிறகு பாதம் முழுவதையும் ஊன்றி நின்றார். லிங்கக்கனி அவருடைய கையை விட்டாள்.

அந்த வாரத்திலேயே மழை வந்தது. யாரும் சொல்லாமல், நல்ல வெயிலில், ஒரு மூலையில் இருட்டி மறு மூச்சுக்குள் தலைக்கு மேல் வந்துவிட்டது. ஊரே உப்பளத்துக்கு ஓடியது. கிளினிக்கில் ஊசிக்குக் காத்திருந்தவர்கள் ஓடினார்கள், வெள்ளை யூனிஃபார்மோடு ஜெபராணி ஓடினாள். வரப்பில் கால் வைத்தால் நனையும் என்று லாரியின் மேலே ஏற்றி நிறுத்தப்பட்ட பேச்சிமுத்து, எந்த அம்பாரம் தாழ்வில் இருக்கிறது, எதில் முதலில் தண்ணீர் ஏறும் என்று அங்கிருந்து பார்த்து, கையை நீட்டிக் கத்தினார். வடக்கே போ, அந்த நுனியை இழு, கல்லை வை என்று, அந்த மனிதருக்கு இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாத ஒரு தொண்டையில். தவசிக்கனி முதலாளியும் அவர் சொன்ன பக்கம் எல்லாம் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடினார். பாதி உப்பு தப்பியது, பாதி போனது.

மழை ஓய்ந்ததும் எல்லோரும் ஷெட்டுக்குள் சொட்டச் சொட்ட நெருக்கியடித்து நின்று டீ குடித்தார்கள். பேச்சிமுத்துவுக்குச் சர்க்கரை போடாத டீயை எபநேசர் கொண்டுவந்து கொடுத்தான். வானம் இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. மிச்சத்தை இப்போதே லாரியில் ஏற்றலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்று பேச்சு வந்தபோது, தவசிக்கனி முதலாளி பழக்கத்தில் அவர் பக்கம் திரும்பி, இன்னும் வருமா பேச்சி என்று கேட்டார்.

ஷெட் முழுவதும் அவரைப் பார்த்தது. பேச்சிமுத்து டீக்குவளையோடு வெளியே வந்து, இரண்டு காலையும் சமமாக ஊன்றி நின்று, எல்லோரும் பார்க்கிற மாதிரியே அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"தெரியலையே மொதலாளி" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து லிங்கக்கனி சிரித்தாள், ஜெபராணி சிரித்தாள், கடைசியில் தவசிக்கனி முதலாளியும் ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.